சாம்பல் பூனையின் சொட்டையும் என் இடது தோளும்

1

இந்தக் கதை என் இடது தோளின் பின்பக்கத்தில் பிறந்தது. நெஞ்சில் பிறந்தது, அடிவயிற்றில் பிறந்தது என்றெல்லாம் மேடையில் சொல்லும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வாய்த்தது கையும் எட்டாத, கண்ணுக்கும் தெரியாத ஓரிடம். ஓயாமல் அரித்தது. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து என் வீட்டுக்காரர், "மாடு மாதிரி என்ன அது?" என்றார். இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டம். விளிம்பில் சிவப்பு, நடுவில் வெளிறல், மேலே பொடிப் பொடியாகச் செதில். படர்தாமரை.

(இதற்குப் போய்த் தாமரை என்று பெயர் வைத்த மகானுக்கு இது வந்திருக்காது என்று நினைக்கிறேன்.)

அதே வாரம், எங்கள் தெருவின் பொது வெந்நீர்க் குளியல்கூடமான ஹம்மாமின் அடுப்பறையில் படுத்துக் கிடக்கும் ரமாத் என்ற பூனைக்கு வலது காதின் பின்னால் முடி கொட்டிச் சொட்டை விழுந்திருந்தது. அதுவும் வட்டம். எழுத்தாளர் கையில் இரண்டு வட்டங்கள் கிடைத்தால் நடுவில் ஒரு கோடு போடாமல் இருக்க முடியாது. நானும் போட்டேன். அந்தக் கோட்டால் ஒருத்தியின் பிழைப்பு போயிற்று. அது திரும்பி வருமா என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பதில் என்னிடம் இல்லை.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள் மூன்று:

["ஃபெஸ் நகரத்தின் பழைய சந்துகளில் மாலை வெயில் பொன்னாக உருகி" – அடித்துவிட்டேன். எங்கள் சந்தில் வெயிலே விழாது. பொன்னாவது, உருகுவதாவது.]

["நான் ஒரு பூனை. என் பெயர் ரமாத். ரமாத் என்றால் சாம்பல்" – இதையும் அடித்தேன். பூனை கதை சொன்னால் வாசகர்களுக்குப் பிடிக்கும்தான். பூனைக்குத்தான் அதில் விருப்பம் இருப்பதாகத் தெரியவில்லை.]

["தாமுதான் குற்றவாளி." – எனக்கு மிகவும் பிடித்திருந்த தொடக்கம் இதுதான். சுருக்கம், வேகம், எல்லாம் இருந்தது. உண்மை மட்டும் இல்லை. இதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.]

2

தாமு என்றதும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாமோதரனை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது பெண் பெயர். ஹம்மாமின் கடைசி அறையில், ஆவிக்கு நடுவே, பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுகிறவள் தாமு. முதல் வரைவில் அவளைப் பற்றி இப்படி எழுதினேன்:

"தாமுவுக்கு வயது ஐம்பத்து நான்கு. புருஷன் இறந்து பத்து வருஷமாகிறது. தெருவில் எதிரே வருகிறவர்களை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. முகங்கள் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. குப்புறப் படுத்தால் தெரிந்துவிடும். யார் இடப்பக்கமாகத் தூங்குகிறாள், யாருக்கு மாமியாரோடு சண்டை, யார் மூன்று மாதமாக முழுகாமல் இருந்தும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பதெல்லாம் முதுகில் எழுதியிருக்கும். கறுப்புச் சோப்பைப் பூசி, ஊறவிட்டு, சொரசொரப்பான கையுறையால் அவள் இழுத்துத் தேய்த்தால் தோல் சுருள் சுருளாக உதிரும். உலகத்தில் உள்ள எந்தக் கோளாறும் சரியாகத் தேய்க்காததால் வருவது என்பது அவள் கட்சி. தலைவலி, மலச்சிக்கல், மகன் பரீட்சையில் தோற்பது எல்லாம் அதில் சேர்த்தி.

"ரமாத் அவள் பூனை என்றும் சொல்லலாம், யாருடைய பூனையும் இல்லை என்றும் சொல்லலாம். சுவருக்கு அப்பால் அடுப்பெரிக்கும் அறையில், ஆறின சாம்பலில் அது புரளும். தாமு தினமும் மத்தி மீன் தலைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து போடுவாள். சாம்பலில் புரண்டும் அதன் முடி எண்ணெய் தடவினாற்போல் மின்னும்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதினேன். என் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது. பெயர் லூஸா, பாதாம் என்று அர்த்தம். நீள முடி, பாலைக் கொட்டியது போல வெள்ளை. வாராவாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, வெந்நீரில் அலசி, சூடான காற்றடித்து உலர்த்தி, சீவி, முடி நுனியில் இரண்டு சொட்டு எண்ணெயும் தொட்டு வைப்பேன். அவளைப் பற்றித் தனியாக ஒரு பகுதி வருகிறது. இப்போதைக்கு அவள் சன்னல் மெத்தையில் படுத்திருக்கட்டும்.

3

நான் எழுதுவது தமிழில். இந்தத் தெருவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன், இங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாமுவுக்கு என் கதைகளை வாய்மொழியாக அவள் மொழியில் மாற்றிச் சொல்வேன். இதில் ஒரு வசதி உண்டு. வேண்டாத வரிகளை விழுங்கிவிடலாம்.

ஒரு வியாழக்கிழமை, கடைசி அறையின் சூடான தளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் காகிதத்தை வைத்து இரண்டாம் பகுதியைப் படித்தேன். முதுகில் தாமு தேய்த்துக்கொண்டிருந்தாள். விமர்சகர் முன்னால் எழுத்தாளர் இருக்க வேண்டிய நிலை இதுதான் என்று நினைக்கிறேன்.

"நிறுத்து. எனக்கு ஐம்பத்துநாலா?"

"அப்ப எவ்வளவுக்கா?"

"ஐம்பத்தொண்ணு போடு. அப்புறம், என் புருசன் எப்ப செத்தான்?"

"கதையிலதான்கா."

"காலைலதான் அவருக்கு முட்டை பொரிச்சு வச்சுட்டு வந்தேன். ரெண்டு முட்டை பத்தாதுன்னு கத்தினாரு. செத்தவனா கத்துவான்?"

"கதைன்னா கொஞ்சம் சோகம் வேணும்."

"சோகம் வேணும்னா உன் புருசனக் கொல்லேன். என் ஆள எதுக்குக் கொல்ற?"

பக்கத்தில் தலைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். ஆவியில் நனைந்த காகிதத்தில் மை பரவி, தாமுவின் புருஷன் முன்பைவிட மோசமாகப் போனார்.

"உன் கையுறையை எங்க வாங்கின?" என்று கேட்டாள் தாமு.

"புதுக் கடைவீதியில."

"பட்டுத்துணி மாதிரி வழுக்குது. இது மனுசத் தோலுக்கு ஆகாது தங்கச்சி, பூனைக்குத்தான் லாயக்கு. ரமாத்துக்குத் தேய்ச்சு விட்டேன். முதுக வளைச்சு வளைச்சுக் காட்டுறான், ராஜா."

காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன். "எத்தனை தடவை தேய்ச்சீங்க?"

"போன வாரம் ரெண்டு, இந்த வாரம் ஒண்ணு. மேலெல்லாம் ஒரே பொடுகு. தேய்ச்சா போயிடும்."

பூனை, கையுறை, என் தோள். கோடு முழுசாகிவிட்டது.  படித்துக்கொண்டே இருந்தேன், குரல்கூட மாறவில்லை.

இரண்டு விஷயங்களை அப்போது பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. ஒன்று: என் இடது தோள் வந்ததும் தாமு தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு: வாடிக்கைப் பெண்களின் கையுறைகளெல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்க, என்னுடையதற்கு மட்டும் தள்ளி ஒரு தனி ஆணி அடித்திருந்தாள். எழுத்தாளர் என்கிற மரியாதை போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

4

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். மூன்று முறை, ஹஜ்ஜா பத்தூல் தானாகவே கண்டுபிடித்ததாக எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.]

வாசலில் உட்கார்ந்திருப்பவள், ஹஜ் போய் வந்ததால் ஹஜ்ஜா என்று அழைக்கப்படும் ஹஜ்ஜா பத்தூல், ஹம்மாம் அவளுடையது. உடுத்திக்கொண்டு வெளியே வந்ததும் அவள் காதருகே குனிந்தேன். சொல்லும்போது நல்ல பிள்ளையாட்டம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

"ஹஜ்ஜா, நான் சொன்னதா வெளிய தெரிய வேண்டாம். அடுப்பறைப் பூனைக்குப் படர்தாமரை. தாமு அக்கா அதையும் கையுறையால தேய்க்கிறாங்க."

"யா அல்லா! அதே கையாலயா?"

"அதே கையாலதான்."

ஹஜ்ஜா கத்துகிற ஆளில்லை. வேண்டாதவர்களை அவள் வாயால் போகச் சொன்னதே கிடையாது. வாடிக்கைப் பெண்களின் வாளிகள் உள்ளே அலமாரித் தட்டில் இருக்கும். யாரை வேண்டாமோ அவளுடைய வாளியை எடுத்துத் தெருவில், கதவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவாள். அவ்வளவுதான். தெரு முழுக்கப் பார்த்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தியின் வாளி அப்படி வெளியே வந்தது. இன்றைக்கும் அவள் அடுத்த பேட்டைக்குப் போய்க் குளிக்கிறாள்.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனபோது பார்த்தேன். கம்பிப் பிடி போட்ட தாமுவின் நீல வாளி கதவோரம் கவிழ்ந்து கிடந்தது.

தாமு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கைகளைக் காட்டி, தோலில் ஒன்றுமில்லை என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஹஜ்ஜா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "உன் கை சுத்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா உன் பூனைக்கு அது எங்கருந்து வந்துச்சு? அது தெரியாம உன்னை உள்ள விட மாட்டேன். வர்ற வியாழக்கிழமை ரொட்டி அடுப்புக்காரர் மகளுக்குக் கல்யாணக் குளியல். பொண்ணு முதுகுல ஒரு வட்டம் விழுந்துச்சுன்னா அப்புறம் எவ வருவா இங்க?"

பூனையைச் சாக்கில் போட்டு ஊர் மதில் தாண்டி விட்டுவிட வேண்டும் என்றும் உத்தரவு. சாக்கோடு போன ஆளுக்குப் பூனை அகப்படவில்லை.

அந்தக் கல்யாணப் பெண்ணைப் பிறந்த நாற்பதாம் நாள் முதன்முதலாகக் குளிப்பாட்டியது தாமு. "கல்யாணத்துக்கும் நான்தான் தேய்ப்பேன்" என்று அந்தப் பெண் தொட்டிலில் கிடந்தபோதே சொல்லி வைத்தவள். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

5

இப்போது லூஸா.

எனக்கு வந்தது அவளுக்கும் தொற்றிவிடக் கூடாதே என்ற கவலையில் கால்நடை மருத்துவர் ஸ்கல்லியிடம் தூக்கிக்கொண்டு போனேன். என் கவலை முழுக்க அந்த வெள்ளை முடியைப் பற்றித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்வரிசையில் மலைப்பக்கத்து ஆடு மேய்ப்பவர் ஒருவர் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். நாயின் இடுப்பு முழுக்கச் சொறி. அதற்கு மேல் ஆலிவ் எண்ணெய், பூண்டு, எலுமிச்சை எல்லாம் பூசியிருந்தார். அறையே சாலட் மாதிரி மணத்தது.*

"எண்ணெய் ரொட்டிக்கு, ஹாஜ்," என்றார் மருத்துவர். "நாய்க்கு இல்ல. பூண்ட அது நக்கினா வயிறும் கெடும், ரத்தமும் கெடும். இப்ப ரெண்டு வியாதிக்கு நான் பார்க்கணும்."

"எங்க அப்பா எல்லாம் இதுதான் போட்டாரு."

"அப்பா நாய் என்ன ஆச்சு?"

"செத்துப் போச்சு."

அடுத்தது நான். லூஸாவைப் பார்த்ததும், "என்ன இவ்வளவு மணக்கிறா?" என்றார்.

"வாராவாரம் குளிப்பாட்டுறேன் டாக்டர்."

"ஏன்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பூனையின் தோலில் ஊறுகிற எண்ணெய்தான் அதன் முடிக்குக் காவல் என்றும், நான் வாராவாரம் அதை வழித்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் விளக்கினார். முடிக்குப் பளபளப்பு வருவது வயிற்றுக்குள் போவதிலிருந்து. மீன் கொடு, தினமும் சீவி விடு, மீதியை அது நாக்கால் பார்த்துக்கொள்ளும், இதுதான் சுருக்கம். மத்தித் தலை தின்று சாம்பலில் புரளும் ஒருவன் எனக்கு நினைவுக்கு வந்தான்.

"சரி, விளக்கை அணைச்சுப் பார்ப்போம்" என்று ஊதா வெளிச்சம் விடும் ஒரு சின்ன விளக்கை எடுத்தார். "சில வகைப் படர்தாமரை இதுல பச்சையாத் தெரியும். எல்லாத்துக்கும் தெரியாது."

"இவளுக்கு ஒண்ணும் இருக்காது டாக்டர். சும்மா ஒரு நிம்மதிக்குத்தான்."

இருட்டில் என் லூஸா ஒளிர்ந்தாள். கழுத்தடியில், அக்குளில், காது நுனியில், பச்சைப் பச்சையாக. திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டதைப் போல இருந்தாள்.

"சொட்டையே இல்லையே!"

"நீள முடிக்காரிகளுக்கு இதான் சங்கடம். வெளிய ஒண்ணும் தெரியாது, வருஷக்கணக்கா மத்தவங்களுக்குக் குடுத்துட்டே இருப்பாங்க. மடியில வச்சுக்குவீங்களா?"

"தோள்ல போட்டுக்குவேன்."

"எந்தத் தோள்?"

என் கை தானாக இடது தோளைத் தொட்டது. 

முடியைச் சுத்தமாக வெட்டினார்கள். மாத்திரை, பூசுகிற களிம்பு, வாரம் இருமுறை மருந்துக் குளியல், படுக்கை எல்லாவற்றையும் கொதிநீரில் அலசல், ஆறு வாரத்துக்குத் தனி அறை. உரித்த கோழி போல ஒன்றைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

*(நாய் பிழைத்துக்கொண்டது. சொறி உண்ணியால் வந்ததாம். கதைக்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை, ஆனால் நீங்கள் கவலைப்படுவீர்கள் என்பதால் சொல்கிறேன்.)

6

இப்போது கோட்டைத் திருப்பிப் போட வேண்டும். லூஸா, என் தோள், என் கையுறை, ரமாத். அம்பு மறுபக்கம் பார்க்கிறது.

[இங்கே நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "இருட்டில் லூஸா ஒளிர்ந்தாள்" என்பது நல்ல கடைசி வரி. பத்திரிகையில் போட்டால் நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். தாமுவின் நீல வாளி மட்டும் தெருவிலேயே கிடக்கும்.]

[வேறொரு வழி: "தாமு" என்கிற பாத்திரத்தின் மேல் கொஞ்சம் தப்பு இருக்கத்தானே செய்கிறது? அடுத்தவள் கையுறையால் பூனைக்குத் தேய்க்கலாமா? இதை வைத்துக்கொண்டு பழியைப் பாதிக்குப் பாதி பிரித்து]

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு தாமுவின் வீட்டுக்கு நடந்தேன்.

7

அவள் புருஷன் கதவைத் திறந்தார். உயிரோடுதான் இருந்தார். "உள்ள வாம்மா. என்னை இன்னும் கொன்னுகிட்டுதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

பின்கட்டில் ஒரு மரப்பெட்டியில் ரமாத் படுத்திருந்தது. காதோரம் சொட்டை இப்போது உள்ளங்கை அகலம். தேய்த்ததால் தோல் கன்றிச் சிவந்திருந்தது. பெட்டியைச் சுற்றிக் கோடு கிழித்தாற்போலச் சுண்ணாம்புத்தூள். சாக்கு வருவதற்கு முன்பே தாமு அதைத் தலைச்சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு மீன் தலை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கதை முடிஞ்சிருச்சா? படி" என்றாள்.

படித்தேன். முதல் பகுதி, இரண்டாவது, மூன்றாவது. அவள் சிரித்தாள். நான்காவது வந்தது. இரண்டு பத்திகளைத் தாண்டிப் போனேன்.

"என்னத்தையோ முழுங்கின."

"இல்லக்கா."

"உன் முதுகைப் பத்தொம்போது வருசமா பார்க்கிறேன். பொய் சொல்லும்போது உன் வலது பக்கம் தூக்கும். இப்ப தூக்கியிருக்கு. படி."

படித்தேன். ஹஜ்ஜாவின் காதில் நான் சொன்னதை, என் வார்த்தைகளிலேயே, ஒன்று விடாமல். பிறகு ஸ்கல்லியின் விளக்கையும் சொன்னேன். முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாமு அழவில்லை. மீன் தலையின் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தோள்ல இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"ரமாத்துக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னால. ஒரு மைசூர்ப்பருப்பு அளவு இருந்துச்சு. நீ பேசிக்கிட்டே இருந்த. நான் பார்த்தேன்."

"ஏன்கா சொல்லல?"

"எங்க சொல்றது? அந்த ரூம்ல முப்பது காது. ஹஜ்ஜாவுக்குத் தெரிஞ்சா உன் வாளி வெளிய வந்துரும். வெளியூர்க்காரி கொண்டாந்துட்டான்னு நாலு பேரு பேசுவாளுங்க. அவளுக பேசினா நீ இங்க இருப்பியா? மூட்டை கட்டிருவ." கையை ஆட்டினாள். "அதான் உன் கையுறையத் தனியா ஒரு ஆணில மாட்டுனேன். வேற எவ முதுகுலயும் அது படல. தோள்ல தேய்க்காம தண்ணி மட்டும் ஊத்தினேன். தானா காஞ்சுரும், அப்புறம் பேச்சே இல்லைன்னு நினைச்சேன்."

"அப்புறம் எதுக்குக்கா அதை எடுத்து ரமாத்துக்கு..."

தாமு முதல்முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது சும்மாதான தொங்குச்சு. யாருக்கும் ஆகாதுன்னு ஒதுக்கி வச்சது. பூனைக்கென்ன, மனுசன் வியாதி பூனைக்கு வருமான்னு நினைச்சேன். என் புத்தி தேய்க்கிறதத் தவிர வேற என்னத்தக் கண்டுச்சு?"

பெட்டிக்குள்ளிருந்து ரமாத் தலையை நீட்டி மீனுக்குக் கத்தியது. ஸ்கல்லி கொடுத்த களிம்பில் பாதியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். தேய்க்கக் கூடாது, சுற்றிலும் முடியை வெட்டிவிட்டுப் பூச வேண்டும், அவரே நாளைக்கு வந்து பார்ப்பார் என்றெல்லாம் சொன்னேன். தேய்க்கவே கூடாது என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ஹஜ்ஜாகிட்ட போய் நான் சொல்றேன்கா. எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களை உள்ள விட்டுருவாங்க."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்கிட்ட சொன்னல்ல, அது போதும். போ. கல்யாணப் பொண்ண வேற யாராவது தேய்ப்பா."

சொல்லிவிட்டு மீன் காகிதத்தை மடித்தாள். வெளியே வரும்போது கதவோரத்தில் பார்த்தேன். அவளுடைய வேலை மூட்டை கட்டித் தயாராக இருந்தது. புதுக் கையுறை, புதுச் சோப்புக் கிண்ணம், கல்யாணப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்த பன்னீர்க் குப்பி.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முதலாவதில், நான் நிறைந்த ஹம்மாமின் நடுவில் நின்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்கிறேன். ஹஜ்ஜா என்னைக் கட்டிக்கொள்கிறாள். பெண்கள் குலவையிடுகிறார்கள். [இந்தப் பெண்களை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தவிர எதற்கும் குலவையிட மாட்டார்கள். முக்கியமாகச் சொறிக்கு.]

இரண்டாவதில், நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் என் தோள் ஆறுகிறது. லூஸாவுக்கு முடி வளர்கிறது. ஹஜ்ஜாவின் கோபம் என்றைக்காவது தணிந்தால் தாமு திரும்ப வருகிறாள், கல்யாணப் பெண்ணை வேறொருத்தி தேய்த்துவிட்டுப் போகிறாள். கதை தமிழில் வெளியாகிறது. இந்தத் தெருவில் அதை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை. மிக நேர்த்தியான முடிவு. எனக்கு மட்டும்.

மூன்றாவதில், ஹஜ்ஜாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். [சோம்பேறித்தனம். ஒரு கதையில் ஒருத்திக்கு முன்பே தெரிந்திருந்தால் போதும். அந்த ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்ததைத்தான் நான் இன்னும் செரிக்கப் பார்க்கிறேன்.]

நான்காவதை எழுதவில்லை. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

9

குளிக்கப் போகவில்லை, தோள் ஆறும்வரை போகவும் மாட்டேன். வாசல் வரைதான் போனேன். உள்ளேயிருந்து பெண்களின் பாட்டும் கைதட்டலும் கேட்டன. மணப்பெண் வந்துவிட்டாள் போலிருக்கிறது. ஹஜ்ஜா பத்தூல் தன் இடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் திறந்த கதவு வழியாக வாளிகள் வைக்கும் தட்டு தெரிந்தது. மூன்றாவது வரிசையில் என் சிவப்பு வாளி. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

"வா மகளே" என்றாள் ஹஜ்ஜா. ஒரு சுளையை நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மறுபடி பூனைச் சேதி ஏதும் கொண்டாந்தியா?"

"ஆமா ஹஜ்ஜா" என்றேன்.

இதுவரை நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால், உரக்கச் சொன்னேன் என்றுதான் எழுதுவேன். பாட்டு நின்றது, முப்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள், என் குரல் நடுங்கவே இல்லை என்றெல்லாம் எழுதுவேன். எழுத்தில் நான் எப்போதும் தைரியசாலி. சோகம் போதவில்லை என்று முட்டை தின்றுகொண்டிருந்த மனிதரைக் கொன்றவள் நான். என் பேச்சை நீங்கள் நம்பக்கூடாது.

நேரில் வந்து பாருங்கள். ரொட்டி அடுப்பைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் பச்சைக் கதவு. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், பெண்கள் குளிக்கிற இடம். கதவோரத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடக்கும்.

தாமுவின் வாளி நீலம். என்னுடையது சிவப்பு.